துவரங்காட்டுத் தலைகள்

தோள்பட்டை எலும்புக்குள் யாரோ கம்பியைக் காய்ச்சிச் செருகியது மாதிரி இருந்தது சின்னதுரைக்கு. கோடாலியைத் தூக்கும்போது அவ்வளவு தெரியவில்லை. மரத்தில் இறங்கி அது அதிரும்போதுதான் உயிர் போனது. புரட்டாசியில் லத்தி விழுந்த இடம். மாசி பிறந்தும் ஆறவில்லை.

வெட்டிக்கொண்டிருந்தது காய்ப்புப் பலா. அடிமரத்திலேயே பிஞ்சு கொத்துக் கொத்தாக விட்டிருந்தது. வெட்டு விழுந்த இடமெல்லாம் பால் வடிந்து கோடாலி அலகைப் பிடித்தது. கொஞ்சத்துக்கு ஒருதரம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால்தான் அடுத்த வெட்டு இறங்கும்.

"இப்படிக் குடு தம்பி" என்று கையை நீட்டினார் வேடியப்பன். துவரங்காட்டுக்கு அவர்தான் மூப்பன். மரமும் அவருடையதுதான். "கை ஒடிஞ்சவன் வெட்டி மரம் எப்ப சாயறது?"

"ஒடியல மூப்பரே. வீங்கிக்கினு இருக்குது, அவ்ளோதான்."

"வீங்கின கையால வெட்டினா மரத்துக்கும் நோவும், உனக்கும் நோவும். வுடு."

மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். வேடியப்பனின் பெண்சாதி காசியம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, "அவரு மரத்த அவரே வெட்டணுமாம். அந்தச் சொகத்தக்கூட உனக்குத் தர மாட்டாராம். குடுத்துட்டு வந்து கூழு குடி சாமி" என்றாள்.

சிரித்தாலும் அவள் கண் மரத்தின்மேல்தான் இருந்தது. ஆடி மாதத்துக் கஞ்சிக்கு வழி செய்கிற மரம் அது. பழத்தைச் சந்தைக்கு இறக்கினால் அரிசியாகும். கொட்டையைச் சுட்டால் பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு ஆகும். அதை வெட்டினால்தான் வளைவில் லாரி திரும்பும். லாரி திரும்பினால்தான் துவரங்காட்டுக்குத் தண்ணீர்க் குழாய். ஊரே அதற்காகத்தான் பல நாளாக வேலை வெட்டியை விட்டுவிட்டு மலையைக் கொத்திக்கொண்டிருந்தது.

துவரங்காடு கல்வராயன் மலையின் முதல் ஏற்றத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் இருக்கிற ஓடையந்தல்தான் சின்னதுரையின் ஊர். அங்கே கள்ளக்குறிச்சி பஸ் வரும். ஓடையந்தலிலிருந்து கிளம்புகிற வண்டிப்பாதை பாதி மலையில் நின்றுவிடும். அதற்குமேல் ஆளும் ஆடும் போகிற தடம். அந்தத் தடத்தைத்தான் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அகலப்படுத்தினார்கள். யாருக்கும் கூலி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

தண்ணீருக்கு அவர்களிடம் இருந்தது ஒரு சுனை. ஊருக்குக் கீழே, பாறைச் சரிவின் அடியில். வெறுங்குடத்தோடு இறங்கிவிடலாம். நிறைகுடத்தோடு ஏறுவதுதான் பெண்ணின் இடுப்பைத் தின்னும். காசியம்மாளின் மருமகள் போன மழைக்குக் குடத்தோடு சறுக்கி விழுந்தாள். இன்றைக்கும் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறாள். இழுத்துக்கொண்டே சுனைக்குப் போகிறாள்.

சின்னதுரைக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. பார்த்த விஷயம்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டமெல்லாம் ரோட்டை மறித்தார்களே, அப்போது ஓடையந்தல் ஆட்களைத் திரட்டியவர் ராஜாங்கம். கரும்பு, ஆலை ஷேர், டிராக்டர் என்று வசதியான ஆள். அவர் வயலில் கூலிக்குப் போகிறவன்தான் சின்னதுரை. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஊரே உட்கார்ந்தது. "எங்க தலைய எண்ணு! எங்க பங்கைக் குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான் சின்னதுரை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று தோன்றியது அவனுக்கு. எண்ணினால் கிடைக்கும். எண்ணாததால்தான் இல்லை. விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்தது.

போலீஸ் வேன் வந்தபோது ராஜாங்கம் திருநாவலூரில் மாமனார் வீட்டில் இருந்தார். அடிபட்டதெல்லாம் கூலிக்காரர்கள். சின்னதுரை தொங்குகிற கையோடு மலை ஏறினான். வேடியப்பனோடு முன்னே ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைத்த பழக்கம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாமைக் காட்டில் பன்றிக்குக் காவல் இருக்கிற பரணில் ஏற்றிவிட்டார். போலீஸ் தேடல் அடங்குகிறவரை அங்கேதான் கிடந்தான். காசியம்மாள் பச்சிலை அரைத்துக் கட்டினாள். கூழும் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்பது பரண்மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. பார்த்த பிறகு அவன் அதில் முகம் கழுவவில்லை.

தை பிறந்ததும் யூனியன் ஆபீசிலிருந்து நாராயணசாமி வந்தார். ஊர் ஊராகப் போய், எத்தனை ஜனம், தண்ணீர் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் உண்டா, விளக்கு உண்டா என்று எழுதுகிற வேலை அவருக்கு. சாதுவான மனுஷர். மூச்சிரைப்பு உள்ளவர். மலை தெரிந்த ஆள் வேண்டும் என்று ராஜாங்கத்திடம் கேட்டார். ராஜாங்கம் சின்னதுரையைக் கை காட்டினார்.

ஏறும்போது வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனார்கள். "சார், இத எழுதிக்கினு போய் இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"மேல அனுப்புவோம். ஜனம் ஜாஸ்தி, தண்ணி தூரம்னு இருக்கிற ஊரா பாத்து போர் போட்டு அடிகுழாய் வைப்பாங்க. இந்தப் பக்கத்துக்கு இந்த வருஷம் ஒண்ணு உண்டு."

"துவரங்காட்டுக்குக் கெடைக்குமா சார்?"

"எங்க கெடைக்கும்? பழைய கணக்குல அது நூறு பேருகூட இல்லாத ஊரு. முந்நூறு பேராவது இருக்கணும்."

சின்னதுரை நின்றுவிட்டான். "நூறு பேரா? யாரு சொன்னது?"

"அவங்கதான் சொன்னாங்க. எப்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்றாங்க."

சொல்லத்தான் செய்தார்கள். அன்றைக்கும் அதேதான் நடந்தது. பை மாட்டிய ஆள் ஏறி வருகிறான் என்று தெரிந்ததும் ஊர் காலியானது. காட்டுக்குப் போனவர்கள் காட்டோடு நின்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் கிழவனும் கிழவியுமாக வந்து, "அடுப்புக்கு ஒரு ஆணு, ஒரு பொண்ணு, அவ்ளோதான் சாமி" என்றார்கள். கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்த வீட்டிலும் அதுதான் பதில்.

வேடியப்பனைத் தனியாக இழுத்துப் போனான் சின்னதுரை. "ஏன் மூப்பரே பொய் சொல்றீங்க? உங்க வூட்லயே எத்தினி பேரு!"

"உனக்குத் தெரியாது தம்பி. ஜாகீர்க்காரன் மலைய ஆண்ட காலத்துல தலைய எண்ணத்தான் மொதல்ல வருவாங்க. எண்ணின தலைக்கெல்லாம் சும்மா ஏரு ஓட்டணும், சும்மா கதிரு அறுக்கணும். எங்கப்பன் ஓட்டினாரு, நான் ஓட்டினேன். எண்ணாத தலதான் எங்களுக்குத் தப்பின தல."

"ஜாகீரு போயி எவ்ளோ காலம் ஆச்சு. இது தண்ணிக்கு மூப்பரே. தலைய மறைச்சா பங்கு போச்சு. நாங்க ரோட்டுல குந்தினதே எங்க தலைய எண்ணச் சொல்லித்தானே? அடி வாங்கினமே, எதுக்கு?"

வேடியப்பன் அவன் தோளைப் பார்த்தார். அப்புறம், "நீ ஏத்துக்குவியா?" என்றார்.

"ஏத்துக்கறேன்."

கரியராமர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, எண்ணின தலைக்குத் தண்ணீர்தான் வரும், கெடுதல் வராது என்று உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு வேடியப்பன் மேட்டில் ஏறி நின்று ஒரு கூவல் கொடுத்தார். காட்டிலிருந்தும் சரிவிலிருந்தும் ஜனம் வந்தது. மகன், மருமகள், இடுப்புக் குழந்தை, கட்டிக்கொடுத்துத் திரும்பி வந்த பெண். நாராயணசாமி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அடேங்கப்பா, இத்தினி பேரா!" என்றார். சாயங்காலம்வரை எழுதினார். கூடவே சுனைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறமுடியாமல் திணறினார். "இது அநியாயம்யா" என்று அவரே சொன்னார். கிளம்பும்போது, "லாரி ஏற வழி மட்டும் இருந்தா போர் உங்களுக்குத்தான்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இப்போது பலாமரம் சாய்ந்துகொண்டிருந்தது.

மரம் மடமடவென்று முறிந்து தடத்துக்கு வெளியே விழுந்தது. பிஞ்சுகள் சிதறின. பொறுக்கலாமா வேண்டாமா என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றபோது, கீழே தூரத்தில் கனத்த வண்டியின் உறுமல் கேட்டது.

"லாரி!" என்றாள் காசியம்மாள்.

எல்லோரும் பாறை முனைக்கு ஓடினார்கள். ஓடையந்தல் பக்கம் இரண்டு வண்டிகள் முன்னும் பின்னுமாக ஊர்ந்து வருவது பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மண்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி ஆடினாள். கடைசி வளைவை இன்னும் கொஞ்சம் செதுக்கவேண்டும் என்று ஆண்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

வண்டிச் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து வேறொரு சத்தம் தொடங்கியது. காது அடைக்கிற இரைச்சல். ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஓடையந்தல் தென்னைகளுக்கு மேலே வெள்ளையாகப் புழுதி எழும்பியது.

"அங்க இன்னா தம்பி பொகையுது?" என்று கேட்டார் வேடியப்பன்.

சின்னதுரைக்குத் தெரிந்தது. கல்லில் துளை போடுகிற புழுதி அது. புதிதாக வெட்டின பாதையிலேயே இறங்கி ஓடினான்.

ராஜாங்கத்தின் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஊரே கூடியிருந்தது. துளைக்குள் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. மாவு மாதிரிக் கல்தூள் எல்லோர் தலையிலும் படிந்து, கிழவர்கள் போல இருந்தார்கள். நாராயணசாமி கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாடா சின்னதுரை, உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன்" என்று ராஜாங்கம் அவன் வலிக்கிற தோளிலேயே கையைப் போட்டார். "மொதக் கொடம் உன் வூட்டுக்காரிக்குத்தான்னு சொல்லிட்டேன். நீ பட்ட அடிக்கு அதுகூட இல்லன்னா எப்படி?"

"இது யாரு போரு அண்ணே?"

"யாரு போரா? ஊரு போரு."

"எந்த ஊரு?"

ராஜாங்கம் சிரித்தார். சின்னதுரை நாராயணசாமியிடம் போனான். "சார், மேல பலா மரத்தை வெட்டிப் போட்டுட்டு நிக்கிறாங்க சார்."

நாராயணசாமி இளநீரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வெட்கம் இல்லை என்று சொல்லமுடியாது. "நானா வெட்டச் சொன்னேன்? வழி இருந்தா ஏறும்னு சொன்னேன். போர் வண்டிக்காரன் பாத்துட்டு, இந்த ஏத்தத்துல நிக்காதுன்னுட்டான்."

"எப்பப் பாத்தான்?"

"அது ஆச்சு, போன மாசம்."

"போன மாசமே தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்? ஜனம் ராப்பகலா மலைய வெட்டுதே!"

"எவன் ஏறி வந்து சொல்றது? என் மூச்சு உனக்குத் தெரியும்ல. மார்ச்சுக்குள்ள போர் போடலன்னா வந்த பணம் திரும்பிப் போயிடும். யாருக்கும் இல்லாம போறதுக்கு, யாருக்காவது இருக்கட்டுமேன்னுதான். ரெண்டு ஊரையும் ஒண்ணா எழுதிட்டேன்."

"ஒண்ணான்னா?"

"துவரங்காடு, ஓடையந்தலோட சேர்ந்த குக்கிராமம்னு. ஜனம் சேர்ந்திடுச்சு. தண்ணி தூரத்துக்கு அந்தச் சுனையக் காட்டினேன். இல்லன்னா இந்த ஊருக்குக் கெடைக்காது. இங்கதான் கெணறு இருக்கே."

ஜனத்துக்கு மலை. தூரத்துக்கு மலை. குழாய்க்கு மட்டும் ஓடையந்தல். சின்னதுரைக்குப் புரிய நேரமாகவில்லை.

"சரி சார். அடுத்த வருஷம் அவங்களுக்குத் தனியா எழுதிடுங்க."

நாராயணசாமி தலையை ஆட்டினார். "எப்படி எழுதறது? சேர்ந்த ஊருக்குத் தண்ணி வந்தாச்சு. வசதி உண்டுன்னு போட்டாச்சு. உண்டுன்னு போட்ட ஊருக்கு மறுபடி எவன் குடுப்பான்?"

சின்னதுரை ராஜாங்கத்திடம் திரும்பினான். "அண்ணே, எங்க தலைய எண்ணு, எங்க பங்கைக் குடுன்னு நாம ரோட்டுல கத்தினமே. அது அவங்களுக்குக் கெடையாதா?"

"கத்தினது நம்மளுக்குடா. அவன் வந்து ரோட்டுல குந்தினானா?"

"நான் குந்தினேன் அண்ணே. அடிச்சப்ப என்னை அவங்கதான் வெச்சிக் காப்பாத்தினாங்க. நீங்க திருநாவலூர்ல இருந்தீங்க."

பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜாங்கத்தின் கை அவன் தோளை விட்டு இறங்கியது. ஆனால் குரல் ஏறவில்லை.

"இத பாரு. நம்ம ஊருக்கும் சித்திரையில கெணறு வத்துது. உன் பொண்டாட்டியும்தான் என் மோட்டாருக்கு வந்து கெஞ்சிக்கினு நிக்குறா. நம்ம தலைய வெச்சிக் கேட்டா பத்தல. அவன் தலை மலை மேல சும்மா கெடந்திச்சு. எவனும் எண்ணாமக் கெடந்தத நீதானே போயி எண்ணிக் குடுத்த? நான் உன்ன மெச்சிக்கினு இருக்கேன், நீ என்னாண்ட மொறைக்கிற."

அடித்திருந்தால்கூடத் திருப்பிக் கேட்டிருக்கலாம். மெச்சினதற்கு என்ன சொல்வது? துளையிலிருந்து குபுக்கென்று சேறும் தண்ணீருமாகப் பீறிட்டது. கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு அதன் பக்கம் ஓடியது. கத்தியவர்களில் அவன் மனைவி சாலம்மாளும் இருந்தாள்.

குழாய் மாட்டி, கைப்பிடி வைத்து, தண்ணீர் தெளிய இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் சின்னதுரை மலைக்குப் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. தோள்வலி என்று படுத்துக் கிடந்தான். சாலம்மாள் முதல் குடத்தை இறக்கி வைத்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள்.

"எனக்கு வேணாம்."

"ஏன்?"

"அது நம்மளுது இல்ல."

"எனக்கு இன்னா தெரியும்? தண்ணி வந்திச்சு, புடிச்சேன்." சொம்பை அவன் தலைமாட்டில் வைத்தாள். "நீ குடிக்கலன்னா அது மலை மேல ஏறிப் போயிடுமா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. மத்தியானம்வரை பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். அப்புறம் எடுத்துக் குடித்தான். உப்பு இல்லாத நல்ல தண்ணீர்.

மறுநாள் காலையில் ஏறினான். லாரிக்காக வெட்டின பாதை காலுக்குச் சுகமாக இருந்தது. அதுதான் அதிகமாகக் குத்தியது. வளைவில் பலாமரம் கிடந்தபடியே கிடந்தது. இலை சுருங்கிவிட்டது. பிஞ்சுகளை யாரும் பொறுக்கவில்லை. கறுத்துப்போய்க் கிடந்தன.

துவரங்காட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் பீறிட்ட கூச்சல் மேலேவரை கேட்டிருக்கிறது. யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேடியப்பன் மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார். சின்னதுரை எதிரில் குந்தி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். எழுதினது எப்படி, சேர்த்தது எப்படி, இனிமேல் கேட்கமுடியாது என்பது எப்படி, எல்லாம். தான் அந்தத் தண்ணீரைக் குடித்ததையும் சொன்னான்.

காசியம்மாள்தான் முதலில் பேசினாள். "அப்படின்னா எங்க தலைய எங்களுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. அந்த ஆளாண்ட போயிச் சொல்லு. நாங்க பழையபடி நூறு பேராவே இருந்துக்கிறோம்."

"அது முடியாதாம் ஆயி."

"எடுத்துக்கினு போறது முடியுது. குடுக்கிறது முடியாதா?"

அவள் மருமகள் வெறுங்குடத்தோடு காலை இழுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து சரிவுக்குப் போனாள். சின்னதுரை எழுந்து குடத்துக்குக் கை நீட்டினான். அவள் தரவில்லை. நிற்கவும் இல்லை.

வேடியப்பன் காம்பை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார். "ஜாகீர்க்காரன் தலைய எண்ணினான்னா எங்களத்தான் கூப்புடுவான். ஏரு ஓட்டச் சொல்லுவான், மத்தியானம் கூழு ஊத்துவான். இவங்க எங்களக் கூப்புடவும் இல்ல. எங்க தலைய மட்டும் எடுத்துக்கினாங்க. இது எங்களுக்குப் புதுசு தம்பி."

"நான் இன்னா பண்ணணும் மூப்பரே? சொல்லுங்க."

"நான் சொல்றதுக்கு இன்னா இருக்குது? கற்பூரம் அணைச்சது நீ."

அவ்வளவுதான். எழுந்து காட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் துவரங்காட்டில் ஆடி மாதம் பலா இல்லை. வெட்டின பாதையில் ராஜாங்கத்தின் டிராக்டர்தான் கல் ஏற்றப் போய் வந்தது. ராஜாங்கம் வயலுக்குச் சின்னதுரை போகாமல் இருந்துபார்த்தான். கார்த்திகைக்கு மேல் முடியவில்லை, போனான். தொண்ணூற்றொன்றில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் மலை ஏறினார். ஓடையந்தலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியது சாலம்மாள்தான். திரும்பி வரும்போது, "பெரிய ஊருன்னாங்க. அங்க அடுப்புக்கு ரெண்டே பேருதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னதுரை உள்ளே படுத்தபடி அதைக் கேட்டான். தோள் வலித்தது. குழாயின் கைப்பிடியை யாரோ அடிக்கிற சத்தமும் கேட்டது.

ஓடையந்தல் துவரங்காட்டுக்கு ஒரு போர் தரவேண்டும். இன்னும் தரவில்லை.